அகழிக் கரையில் இரண்டு படங்கள்

நைனாவும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் படம், கல்யாண ஆல்பத்தை விட்டால் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. கேமரா எப்போதும் நைனா கையில்தான் இருக்கும். 1997 காணும் பொங்கலன்று காலையிலேயே காட்பாடியிலிருந்து பஸ் ஏறி வேலூர் கோட்டைக்குப் போனோம். அகழிக்கு இந்தப் பக்கம் அம்மாவை நிற்க வைத்து அவர் ஒன்று எடுத்தார். அப்புறம் அதே இடத்தில் அவரை அம்மா ஒன்று எடுத்தாள். நைனா போய் நான்கு வருடம் ஆகிறது. அந்த இரண்டு படத்தையும் ஒன்றாக்கத்தான் போன மாதம் கிம்ப் கற்க உட்கார்ந்தேன். படங்களைத் திருத்தும் இலவச மென்பொருள், என் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது.

முதல் மூன்று நாள் ரப்பரை வைத்து நைனாவைச் சுற்றி அழித்துக்கொண்டிருந்தேன். காது மடல் ஒன்று போய்விட்டது. கவனிக்காமல் சேமித்து மூடியும் விட்டேன். படத்தின் மேல் திரை போல நிற்கும் லேயர் மாஸ்க் தெரிந்த பிறகுதான் பயம் போனது. மாஸ்க்கில் கறுப்பு பூசினால் அந்த இடம் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும். படத்தில் ஒரு புள்ளிகூட அழியாது. எக்ஸ் பட்டனைத் தட்டினால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிக்கொள்ளும். வேட்டி ஓரத்துக்குக் கெட்டியான பிரஷ், தலைமுடிக்கு மெத்தென்ற பிரஷ். பாதத்தை மட்டும் ஒட்ட வெட்டவில்லை. செருப்பைச் சுற்றியிருந்த மண்ணையும், பின்னால் விழுந்த நிழலையும் கொஞ்சம் விட்டு, ஓரத்தை மெல்லக் கரைத்தேன். அதற்கு முன்னால் எத்தனை முறை செய்தும் நைனா அந்தரத்தில் தொங்குவது போலவே இருந்தார்.

அடுத்த சிக்கல் நிறம். அம்மா படம் ஆல்பத்துக்குள் பத்திரமாக இருந்தது. நைனா படம் கூடத்துச் சுவரில் மாட்டிப் பழுப்பேறிவிட்டது. முகத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினேன், ஒவ்வொரு முறையும் வேறு ஆளாகிப் போனார். கடைசியில் கைகொடுத்தது கோட்டைச் சுவர். கருங்கல், இரண்டு படத்திலும் ஒரே வெயிலில் நிற்கிறது. வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தும் லெவல்ஸில் சாம்பல் நிறத்தைத் தொட்டுக் காட்ட ஒரு கருவி உண்டு. அதை வைத்து இரண்டிலும் அதே கல்லைத் தொட்டேன். கல் சாம்பலானதும் நைனாவின் மாநிறம் தானாகத் திரும்பி வந்தது.

உயரத்துக்கு எந்தக் கருவியும் உதவவில்லை. அவர் கேமராவுக்குக் கொஞ்சம் கிட்டே நின்றிருக்கிறார். சுவரின் கல் வரிசையைப் பொருத்தினால் ஆள் பெரிதாகிவிடுகிறார். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். எழுந்து நேராக நின்று, உள்ளங்கையைத் தன் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்தாள். "இம்மாம் ஒசரம். நான் அவரு தோளுக்குக் கொஞ்சம் மேல வருவேன், அவ்ளோதான்." அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அளவைக் குறைத்தேன். "போதும் பா" என்றாள். நிறுத்தினேன்.

600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஸ்கேன் செய்திருந்ததால் 8க்கு 12 அங்குல பிரிண்ட் போடலாம். அனுப்புவதற்கு முன்னால் தங்கைதான் ஒன்றைக் காட்டினாள். அம்மாவின் காலுக்கு முன்னால் மண்ணில் நீளமாக ஒரு நிழல். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்த நைனாவின் நிழல். "அவரே பக்கத்துல நிக்கிறாரு, இது எதுக்கு, அழிச்சிடு" என்றாள். பக்கத்து மண்ணை நகலெடுத்து மேலே பூசும் குளோன் கருவியைக்கூட எடுத்துவிட்டேன்.

அம்மா திரைக்கு அருகில் குனிந்து பார்த்தாள். "கைய மடக்கிக் கேமராவப் புடிச்சிருக்காரு பாரு. வுட்டுடு."

அப்படியே பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன்.