பாதத்துக்குன்னு ஒரு பத்து நிமிஷம்

நிக்கறதும் நடக்கறதும்தான் என் வேலையே. திருச்சில ஒரு ஆஸ்பத்திரில சுகர் பேஷண்ட் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். டூட்டில ஏறினா பெட் பெட்டா போயிட்டே இருக்கணும், பிபி பாக்கணும், ஊசி போடணும், ட்ரெஸ்ஸிங் மாத்தணும், நடுவுல யாராவது சிஸ்டர்னு கூப்பிட்டா ஓடணும், கேஸ் ஷீட் எழுதறது கூட பாதி நேரம் நின்னுக்கிட்டேதான். ஷிஃப்ட் முடிஞ்சு ஷூவை கழட்டினா குதிகால்ல ஒரு குடைச்சல், உள்ளங்கால் பூரா எரிச்சல், சாக்ஸ் எலாஸ்டிக் பதிஞ்ச தடம் ராத்திரி வரைக்கும் மறையாது. அதனால தினமும் படுக்கறதுக்கு முன்னாடி பாதத்துக்குன்னு ஒரு பத்து நிமிஷம் எடுத்து வெச்சுடுவேன், அந்த நேரத்துல என்னை யாரும் கூப்பிடக்கூடாதுன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

ரிஃப்ளெக்ஸாலஜி பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, பாதத்துல ஒரு எடத்தை அழுத்தினா அதுக்குன்னு இருக்கற உறுப்புக்கு நல்லதுன்னு சொல்ற முறை. பாதத்தோட படம் போட்டு, கலர் கலரா பிரிச்சு, இது லிவர், இது கிட்னி, இது கண்ணுன்னு எழுதி பார்லர்ல எல்லாம் மாட்டி வெச்சிருப்பாங்களே, அதுதான். கட்டைவிரல் தலைக்கு, விரலுக்குக் கீழ மேடா இருக்கற எடம் நெஞ்சு நுரையீரலுக்கு, பாதத்தோட உள்பக்க ஓரம் முதுகெலும்புக்கு, குதிகால் இடுப்புக்கு, இப்படி போகும். லிவர் வலது பாதத்துல மட்டும்தான் இருக்கும், ஏன்னா உடம்புலயும் அது வலது பக்கம்தானே.

இந்த படம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் படிச்சப்ப எனக்கு ரொம்ப சுவாரஸ்யமா இருந்துச்சு. அமெரிக்கால வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர், தலைலேர்ந்து கால் வரைக்கும் உடம்பை நீளவாக்குல பத்து பாகமா பிரிச்சு, ஒரு பாகத்துல ஒரு எடத்தை அழுத்தினா அதே பாகத்துல இன்னொரு எடத்துல வலி குறையுதுன்னு சொன்னாரு. 1917ல இதைப் பத்தி புத்தகமே போட்டாங்க. அதுக்கப்புறம் 1930கள்ல யூனிஸ் இங்காம்னு ஒரு அம்மா, பிசியோதெரபி பண்ணவங்க, வர்றவங்க பாதத்தை எல்லாம் அழுத்தி அழுத்திப் பாத்து, எங்க தொட்டா யாருக்கு எங்க நோவுதுன்னு குறிச்சு வெச்சு, அந்த மேப்பை முழு பாதத்துக்கும் வரைஞ்சாங்க. இன்னைக்கு உலகம் பூரா தொங்கற சார்ட்டுக்கு மூலம் அந்த அம்மாவோட வேலைதான். அப்புறம் தைவானுக்குப் போன ஜோசஃப் யூக்ஸ்டர்னு ஒரு சுவிஸ் பாதிரியார் அங்க இருந்த ஜனங்களுக்கு இதை சொல்லிக்குடுத்து, அங்கேயே பெரிய அளவுல பரவிடுச்சு.

நம்ம ஊர்ல இதுக்கு சார்ட்டே தேவைப்படல. தாத்தா குப்புறப் படுத்துக்கிட்டு ஏறி மிதிடா கண்ணுன்னு பேரப்பிள்ளைங்களை கெண்டைக்கால் மேல ஏத்தி நடக்க விடுவாரு, எங்க அப்பத்தா உடம்பு சூடுன்னா உள்ளங்கால்ல விளக்கெண்ணெய் தடவிட்டுத்தான் படுப்பாங்க, கன்னியாகுமரி பக்கம் வர்ம ஆசான்மார் பாதத்துல எந்தப் புள்ளி எதுக்குன்னு தனி கணக்கே வெச்சிருக்காங்க. கால் பிடிச்சு விடறதுங்கறது நம்ம வீடுகள்ல அன்பு காட்டற ஒரு வழி, வயசானவங்களுக்கு அது மருந்துக்கு மேல.

இப்ப நர்ஸா நான் சொல்ல வேண்டியதை சொல்லிடறேன், ஏன்னா இதை சொல்லாம மேல எழுத எனக்கு மனசு வராது. பாதத்துல ஒரு எடத்தை அழுத்தினா கிட்னி சரியாகும், சுகர் இறங்கும், கட்டி கரையும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எட்சார்ட் எர்ன்ஸ்டுன்னு ஒரு பேராசிரியர் ஆளுங்களை குலுக்கல் முறைல பிரிச்சு நடத்தின 18 ஆராய்ச்சிகளை ஒண்ணா வெச்சு பாத்து 2009ல எழுதினாரு, எந்த ஒரு நோயையும் இது குணப்படுத்துதுன்னு நம்பற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னு. அதனால மாத்திரையை நிறுத்திட்டு காலை அமுக்கிக்கிட்டு உக்காராதீங்க, கெஞ்சி கேக்கறேன். ஆனா காலை நிதானமா அமுக்கறப்ப மூச்சு தானா மெதுவாகுது, தோள்பட்டை இறங்குது, நாள் பூரா இறுக்கமா இருந்த தாடை விடுது, நல்லா தூக்கம் வருது. இது எனக்கு தினமும் நடக்கறது. ஒரு பாதத்துல மட்டும் 26 எலும்பு, 33 மூட்டு, அதை இழுத்துப் பிடிக்க நூத்துக்கு மேல தசையும் நாரும், இவ்வளவையும் காலைலேர்ந்து ஷூக்குள்ள அடைச்சு வெச்சுட்டு ராத்திரி ஒரு பத்து நிமிஷம் தொட்டு நீவி விட்டா அது சும்மா போகுமா? மேப்பை நான் தூக்கிப் போடல, எந்த எடமும் விட்டுப் போகாம பாதம் முழுக்க கை போக அது நல்ல வழி, அவ்வளவுக்கு அதை வெச்சுக்கறேன்.

நான் பண்றது இதுதான். அகலமான பேசின்ல கால் முங்கற அளவுக்கு வெதுவெதுன்னு தண்ணி, சூடு எவ்வளவுன்னு முழங்கையை விட்டுப் பாக்கணும், காலை விட்டுப் பாக்கக்கூடாது. ஒரு கை கல்லுப்பு போடுவேன், சும்மா சுகத்துக்குத்தான். அஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டு பழைய காட்டன் துண்டால தொடைக்கறப்ப விரல் இடுக்கு ஒவ்வொண்ணையும் விரிச்சு ஈரம் போக தொடைக்கணும், ஈரம் நின்னா சேத்துப்புண் வந்துடும். அப்புறம் தரைல சுவத்துல சாஞ்சு உக்காந்து ஒரு காலை தூக்கி இன்னொரு தொடை மேல வெச்சுக்கிட்டு, நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ரெண்டு சொட்டு கைல தேச்சு சூடு பண்ணிட்டு ஆரம்பிப்பேன். முதல்ல ரெண்டு கையாலயும் பாதத்தை முன்னும் பின்னும் சும்மா ஒரு தடவை நீவணும். அதுக்கப்புறம் கட்டைவிரலை மடக்கி நிமித்தி மடக்கி நிமித்தி, கம்பளிப்பூச்சி ஊர்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குதிகால்லேர்ந்து விரல் வரைக்கும் ஏத்திக்கிட்டே போகணும். ஒரு கோடு முடிஞ்சா பக்கத்துல இன்னொரு கோடு. நடுப்பாதத்துல, முன்பாதத்து மேடு முடியற எடத்துக்கு சரியா கீழ, ஒரு சின்ன பள்ளம் இருக்கும், அங்க கட்டைவிரலை வெச்சு அழுத்திக்கிட்டே மூச்சை உள்ள இழுத்து மெதுவா விடுங்க, மூணு நாலு தடவை. அந்த எடம் எனக்கு ரொம்ப பிடிக்கும். கடைசியா ஒவ்வொரு விரலையும் அடிலேர்ந்து நுனி வரைக்கும் லேசா இழுத்து சுத்தி விடணும், சொடக்கு எடுக்க வேண்டாம். குதிகால்ல பித்தவெடிப்பு இருந்தா வெடிப்பு மேல அழுத்தாம எண்ணெய் மட்டும் தடவிட்டு சாக்ஸ் போட்டுக்கிட்டு படுங்க.

காலைல எழுந்து முதல் அடி வெக்கறப்ப குதிகால்ல சுரீர்னு வலிச்சு, நாலு அடி நடந்ததும் குறையுதுன்னா அது அனேகமா உள்ளங்காலுக்கு அடில இருக்கற தடிப்பான நாரோட பிரச்சனை. அதுக்கு சின்ன தண்ணி பாட்டிலை ஃப்ரீசர்ல வெச்சு கெட்டியாக்கி, மெல்லிசா துணி சுத்தி, உக்காந்துக்கிட்டு காலுக்கு அடில உருட்டினா நல்லா கேக்கும். கூடவே சுவத்துல கை வெச்சு கெண்டைக்காலை நீட்டி இழுக்கற பயிற்சியும் பண்ணணும், வீட்டுக்குள்ள டைல்ஸ் தரைல வெறுங்கால்ல நடக்கறதை நிறுத்தணும். சமையல்கட்டுல மணிக்கணக்கா நிக்கற பொம்பளைங்களுக்கு இந்த வலி ரொம்ப சகஜம், ஆனா குழந்தைக்கு ஒண்ணுன்னா உடனே ஓடறவங்க தன் குதிகாலுக்கு வருஷக்கணக்கா ஒண்ணுமே பண்ண மாட்டாங்க.

யாரு பண்ணக்கூடாதுன்னும் சொல்லணும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீர்னு வீங்கி, தொட்டா சூடா வலியா இருந்தா தயவு செஞ்சு அமுக்காதீங்க, உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், நேரா டாக்டர்கிட்ட போங்க. நரம்பு சுருட்டிக்கிட்டு இருக்கற எடத்துல அழுத்தம் வேண்டாம். மாசமா இருக்கறவங்க டாக்டரை கேட்டுட்டு பண்ணுங்க.

சுகர் இருக்கறவங்களுக்கு நான் தனியா சொல்வேன், ஏன்னா நான் தினமும் பாக்கறது அவங்க பாதத்தைத்தான். சுகர் ரொம்ப நாள் கட்டுப்பாட்டுல இல்லேன்னா கால் நரம்பு கெட்டு மதமதன்னு ஆயிடும், பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு சிஸ்டர்னு சொல்வாங்க. ஒரு ஐயா ட்ரெஸ்ஸிங்குக்கு வந்தாரு, சாக்ஸ்ல ரத்தக்கறை பாத்து வீட்டம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க, அவருக்கு ஒண்ணுமே தெரியல. அவர் செருப்பை திருப்பிப் பாத்தா அடில ஒரு ஆணி ஏறி உள்பக்கம் நுனி நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அதோடயே நடந்திருக்காரு. வலிக்கவே இல்லையேம்மான்னு அவர் என்னைப் பாத்து கேட்டப்ப எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு. வேலூர் சிஎம்சிக்கு 1946ல வந்த பால் பிராண்ட் டாக்டர், கொல்லிமலைல பொறந்தவரு, தொழுநோய் வந்தவங்க கை கால் தேஞ்சு போறது அந்த நோய் சதையை தின்னறதால இல்ல, வலி தெரியாததால திரும்பத் திரும்ப அடிபட்டுத்தான்னு கண்டுபிடிச்சு சொன்னாரு. சுகர் பாதத்துக்கும் அதே கதைதான்.

அதனால உங்க வீட்ல சுகர் இருக்கறவங்க இருந்தா அவங்களுக்கு ரிஃப்ளெக்ஸாலஜிய விட பாதத்தை தினமும் பாக்கறது முக்கியம். கண்ணாடியை தரைல வெச்சு உள்ளங்காலை பாக்கலாம், குனிய முடியலன்னா பிள்ளைங்க செல்போன் டார்ச் அடிச்சு பாக்கலாம். புண்ணு, கொப்புளம், நிறம் மாறினது, விரல் இடுக்குல வெள்ளையா ஊறினது எது தெரிஞ்சாலும் அன்னைக்கே காட்டுங்க. மதமதப்பு இருக்கறவங்க வெந்நீர்ல கால் வெக்காதீங்க, சுடறதே தெரியாது. பார்க்ல கூழாங்கல் பதிச்ச பாதைல வெறுங்கால்ல நடந்தா நல்லதுன்னு யாரு சொன்னாலும் நீங்க நடக்காதீங்க. கால் ஆணியை பிளேடால சீவாதீங்க. செருப்பு போடறதுக்கு முன்னாடி தட்டி, உள்ள கை விட்டுத் தடவிப் பாத்துட்டு போடுங்க.

பாசிட்டிவ் திங்கிங் பத்தியும் எழுதணும், ஏன்னா எனக்கு அது இந்த பத்து நிமிஷத்துலதான் கைகூடுச்சு. வார்டுல எல்லாரும் பேஷண்ட்கிட்ட பாசிட்டிவா இருங்கன்னு சொல்லிட்டுப் போவாங்க. விரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டுப் போன நிமிஷத்துல அந்த வார்த்தை யாருக்கும் உதவாது, அப்ப பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டா போதும், அவங்க அழட்டும். எல்லாம் நல்லபடியா நடக்கும்னு மனசை மிரட்டி சிரிக்க வைக்கறது எனக்கு வராது. நான் பண்றது வேற. ஒரு விரலை சுத்தி விடறப்ப அன்னைக்கு நடந்த ஒரு நல்லதை நெனச்சுக்குவேன், பத்து விரலுக்கும் பத்து. பெருசா ஒண்ணும் இல்ல. ஆயாம்மா அவங்க டப்பாலேர்ந்து புளிசாதம் பிரிச்சுக் குடுத்தது, மூணு வாரமா ஆறாத புண்ணுல சிவப்பா புதுச் சதை எட்டிப் பாத்தது, பஸ்ல ஜன்னல் சீட், மக ஸ்கூல்லேர்ந்து வந்ததும் முதல்ல என்கிட்ட ஓடி வந்தது. பத்து தேறாத நாளும் உண்டு, நாலாவது விரல்லயே நின்னுடும். பரவால்லன்னு மீதி விரலை சும்மா நீவி விட்டுட்டு படுத்துடுவேன். கெட்டது நடந்தா மனசு கேக்காமலே நூறு தடவை ஓட்டிக் காட்டுது, நல்லதைத்தான் நாம உக்காந்து தேட வேண்டியிருக்கு. இப்பல்லாம் டூட்டில ஏதாவது நல்லது நடந்தா, இது ராத்திரி ஒரு விரலுக்கு ஆச்சுன்னு அப்பவே தோணுது.

என் தங்கச்சி ஜவுளிக்கடைல சேல்ஸ்ல இருக்கா. அவளுக்கும் இதை சொல்லிக்குடுத்தேன். நல்லாத்தான் இருக்குக்கா, ஆனா கடைல உக்கார விட்டா இவ்வளவு எண்ணெயே தேவைப்படாதேன்னா. நியாயம்தானே. 2021ல தமிழ்நாட்டுல கடைகள் நிறுவனங்கள் சட்டத்தை திருத்தி, வேலை பாக்கறவங்க உக்கார கண்டிப்பா இருக்கை போடணும்னு கொண்டு வந்தாங்க, கேரளால அதுக்கு முன்னாடியே 2018ல வந்துடுச்சு. அவ கடைல ஸ்டூல் போட்டிருக்காங்க, ஆனா கஸ்டமர் இல்லாதப்ப கூட அதுல உக்காந்தா சூப்பர்வைசர் ஒரு மாதிரி பாக்கறாராம். நாள் பூரா நிக்க வெச்சுட்டு ராத்திரி நீயே உன் காலை கவனிச்சுக்கோன்னு சொல்றது சரியில்ல. நீங்க சேலை எடுக்கப் போறப்ப அங்க நிக்கற பொண்ணுங்களை, உக்காந்துக்கிட்டே எடுத்துக் காட்டும்மான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அதையே சூப்பர்வைசர் காதுல விழற மாதிரி சொல்லுங்க.

கால் மசாஜ் மெஷின் வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு, காசு இருந்தா வாங்குங்க, மதமதப்பு இருக்கறவங்க மட்டும் டாக்டர்கிட்ட கேக்காம அதுல கால் வைக்க வேண்டாம். என்னைக் கேட்டா அதுக்கு முன்னாடி அந்தக் காசுல ஒரு நல்ல செருப்பு வாங்குவேன், அடிப்பாகம் மெத்துன்னு, விரலை நெருக்காம, பின்னாடி வாரு வெச்சது. கடைக்கு சாயங்காலமா போங்க, காலைல இருக்கறதை விட அப்பதான் கால் கொஞ்சம் ஊதி இருக்கும், அந்த அளவுக்கு எடுத்தாத்தான் நாள் பூரா உறுத்தாது. ரெண்டு காலுக்கும் போட்டு கடைக்குள்ளயே நடந்து பாத்துட்டு வாங்குங்க.