‘அங்கே ஒன்றும் இல்லை’: ஜெய்சல்மேரில் நான்கு நாட்கள்

ஊர் திரும்பி நான்கு நாளாகிறது. ஜீப்புக்கு அழுத 4,200 ரூபாயை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஜெய்சல்மேர் பயணத்தை நாள்வாரியாக, செலவுக் கணக்கோடு எழுதித் தருவதாக நண்பர்கள் இருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முயல்கிறேன். ஆனால் ஜீப் விஷயத்தைக் கொட்டித் தீர்க்காமல் வேறெதுவும் எழுத வராது.

பேசிய கூலி 2,500. போக வேண்டிய இடம் தேவிகோட் பக்கம் இருக்கும் தேக்ராய் ஓரண் என்ற கோயில் காடு. பெயரைக் கேட்டதுமே ஓட்டுநரின் முகம் சுருங்கியது. “அங்கே ஒன்றும் இல்லை சாப். முள்ளும் புதரும்தான். சாம் மணல்மேட்டுக்கு வாருங்கள். ஒட்டகச் சவாரி, நடனம், சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பேசி முடித்துத் தருகிறேன்” என்றார். சாமுக்கு முந்தின நாளே போய் நொந்து வந்தாயிற்று என்றேன். அரை மனதாக வண்டியை எடுத்தவர், தார்ச்சாலை முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டார். மண்பாதைக்குத் தனியாக 700 வேண்டுமாம். காத்திருந்தால் மணிக்கு 250. நான்கு மணி நேரம் காத்திருந்தார். “ஒன்றும் இல்லாத இடத்துக்கு எதற்கு இவ்வளவு?” என்று கேட்டேன். “ஒன்றும் இல்லாத இடத்தில் வண்டி நின்றுபோனால் யார் வருவார்கள்?” என்றார். எனக்குத் தெரிந்த இந்தியில் அதற்குப் பதில் இல்லை.

சரி, சாம். ஜெய்சல்மேரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். மணல்மேட்டின் ஓரமாக வெள்ளைக் கூடாரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு இரவுக்கு 3,500 கொடுத்தேன். பாலைவனத்து நிசப்தம், நட்சத்திரங்கள் என்று கற்பனை செய்துகொண்டு போனவனுக்குக் கிடைத்தது நள்ளிரவு வரை ஒலிபெருக்கி. பக்கத்துக் கூடாரக்காரரும் ஒலிபெருக்கி வைத்திருந்ததால் இரண்டு பாட்டு ஒரே நேரத்தில் காதில் விழுந்தது. விடிந்து மணலில் நடந்தால் காலடியில் தண்ணீர் பாட்டில்கள், சிப்ஸ் உறைகள். ஒரு பசு தெர்மோகோல் தட்டை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

அந்த இரவில் ஒரு இருபது நிமிடம் மட்டும் காசுக்குத் தகும். இரண்டு மாங்கணியார் பாடகர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெரியவர் கைவிரல்களில் கர்தால் கட்டைகள். மழையை அழைக்கும் பாட்டு என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார். அந்தக் குரல் ஒலிவாங்கியைக் கேட்கவே இல்லை. மூன்றாவது பாட்டுக்குள் முன்வரிசையிலிருந்து சினிமாப் பாட்டு கேட்டார்கள். அவரும் முகத்தில் எதையும் காட்டாமல் பாடினார். மாங்கணியார்கள் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களை ஆதரித்து வந்தவர்கள் பெரும்பாலும் ராஜபுத்திரக் குடும்பங்கள். அந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் இவர்கள் போய்ப் பாட வேண்டும். குடும்பத்தின் வம்சாவளியை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். பதிலுக்குத் தானியமும் ஆடும் ஒட்டகமும் கிடைக்கும். இந்து தெய்வங்களைப் பாடித்தான் கச்சேரியே தொடங்கும். மாமரத்தில் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்திய காமைச்சா என்ற நரம்புக் கருவிதான் இவர்களின் உயிர். ஹமீரா கிராமத்து சாகர் கான் அதை வாசித்தே 2012இல் பத்மஸ்ரீ பெற்றார். சாம் கூடாரத்தில் காமைச்சா இல்லை, ஆர்மோனியம்தான். ஏன் கொண்டுவரவில்லை என்று சின்னவரிடம் கேட்டேன். “இந்தச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்?” என்றார்.

ஒட்டகச் சவாரிக்கு 600 சொல்லி 300க்கு வந்தார்கள். பேரம் பேசி ஜெயித்த மகிழ்ச்சி ஏறி உட்காரும் வரைதான் இருந்தது. விலங்கு மெலிந்து கிடந்தது. ராஜஸ்தான் அரசு ஒட்டகத்தை 2014இல் மாநில விலங்காக அறிவித்து, அடுத்த ஆண்டே அதை வெட்டுவதையும் வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோவதையும் தடுத்துச் சட்டம் போட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் வெளியூர் வியாபாரி வருவது நின்றது, சந்தை படுத்தது, கன்றை விற்க முடியாத ராய்க்கா மேய்ப்பர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். 2012 கணக்கெடுப்பில் மூன்றேகால் லட்சமாக இருந்த ராஜஸ்தான் ஒட்டகங்கள் 2019இல் 2.13 லட்சம். குறைவு சட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். மேய்ச்சல் நிலம் போனால் எந்தச் சட்டம் ஒட்டகத்துக்குத் தீனி போடும்?

கோட்டையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும்: தயவுசெய்து கோட்டைக்குள் இருக்கும் விடுதியில் தங்காதீர்கள். 1156இல் எழுந்த கோட்டை அது. குடத்தில் தண்ணீர் சுமந்த காலத்துக்காகக் கட்டியது. இன்று குழாயும் கழிவறையும் உணவகமும் வந்து, கசியும் நீர் அடியிலுள்ள மென்மையான பாறையை ஊறவைக்கிறது; சில கொத்தளங்கள் சரிந்தே விட்டன. வெளியே 800 ரூபாய்க்கு நல்ல அறை கிடைக்கிறது, மாடியிலிருந்து கோட்டை முழுசாகத் தெரியும்.

இனி ஓரண். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் போனேன் என்பதே போன பிறகுதான் தெரிந்தது.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். ‘ஓரண்’ என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ‘ஊரணி’தான் காதில் ஒலித்தது. இரண்டுக்கும் சொல்லளவில் உறவில்லை, ஆனால் புத்தி ஒன்றுதான். ஓரண் என்பது ஒரு தெய்வத்தின் பெயரில் ஊரே விட்டுவைத்த காடும் மேய்ச்சலும். பச்சைக் கிளையை ஒடிக்கக் கூடாது, ஏர் பூட்டக் கூடாது. ஆடும் ஒட்டகமும் மேயலாம், உதிர்ந்த காயைப் பொறுக்கலாம். மழைநீர் ஓடிவந்து குளத்தில் சேரும் சரிவுக்கு ஆகோர் என்று பெயர். அதில் அசுத்தம் செய்யக் கூடாது. ஊரணிக் கரையில் செருப்போடு ஏறியதற்காக என் தாத்தாவிடம் வாங்கிய அடி நினைவுக்கு வந்தது.

தேக்ராய் மாதா கோயில் அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், வந்தவன் வழிதவறியவன் என்று நினைத்து வீட்டுக்கு அழைத்துப் போனார். ‘காகா சா’ என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்த கம்பு ரொட்டி, விரலால் குழி செய்து நெய், பூண்டுச் சட்னி, ஒரு செம்பு மோர். நடுவில் கேர் சாங்கிரி. கேர் என்பது புளிப்பான சின்னக் காய். சாங்கிரி, உலர்த்திய மெலிந்த நெற்று. எண்ணெயும் மிளகாயும் சேர்ந்து, கடித்தால் கொஞ்சம் கசப்பு, பிறகு புளிப்பு, பிறகு இன்னொரு ரொட்டி வேண்டும் என்ற எண்ணம். ஐந்து சாப்பிட்டேன். ஜெய்சல்மேர் உணவகத்தில் 380 ரூபாய்க்கு இதே பெயரில் கொடுத்தது எண்ணெயில் மிதந்த நார்.

சாங்கிரி எந்த மரத்தில் காய்க்கிறது என்று கேட்டேன். வாசலில் நின்ற கேஜ்ரி மரத்தைக் காட்டினார். கிட்டப்போய் இலையைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம் வன்னி மரம்! விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. இங்கே அது மாநில மரம். ஜோத்பூர் அருகே கேஜர்லியில் 1730இல் அரசரின் ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி தொடங்கி 363 பிஷ்னோய் மக்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிரைக் கொடுத்தார்கள். வன்னிக்கு நெருங்கிய தாயாதி ஒன்று உண்டு, அதுதான் எங்கள் ஊரைப் பிடித்தாட்டும் சீமைக் கருவேலம். வழியெங்கும் அதுவும் நின்றது. இங்கே ‘விலாயதி பபூல்’. சீமையும் விலாயத்தும் ஒன்றுதானே, திட்டும் பெயரைக்கூட ஒரே மாதிரி வைத்திருக்கிறோம். ஜோத்பூர் அரசர் 1940இல் இதை அரச மரியாதைக்குரிய செடியாக அறிவித்து வளர்க்கச் சொன்னாராம். இப்போது வெட்டத்தான் ஆளில்லை.

தண்ணீர்க் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. தார்ப் பாலைவனத்தின் சில பகுதிகளில் மணலுக்கடியில் ஜிப்சம் படலம் ஓடுகிறது. பெய்யும் கொஞ்ச மழையும் மணலில் இறங்கி அதன்மேல் தங்கும். ஆழத்திலுள்ள உப்பு நீரோடு கலக்காது. அந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க ஒடுக்கமான கிணறு தோண்டுகிறார்கள். பெயர் பேரி. ஒரே பள்ளத்தாக்கில் பல பேரிகள். நமக்குக் குழாய் மூடிபோலத் தோன்றும் கல்லுக்கடியில் ஒரு குடும்பத்தின் குடிநீர் இருக்கும். அதே படலம்தான் 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் பேய்மழை கொட்டியபோது கவாஸ் கிராமத்தில் வெள்ளத்தை வடியவிடாமல் வாரக்கணக்கில் தேக்கி வைத்தது. பாலைவனத்தில் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள்.

சாப்பிட்டு முடித்து மேட்டில் ஏறியபோது காகா சா கையை நீட்டினார். அடிவானம் முழுக்கக் காற்றாலைகள், அவற்றுக்கிடையே உயர் அழுத்தக் கம்பிகள். ஓரணின் ஒரு பகுதிதான் அரசுப் பதிவேட்டில் ஓரண். மிச்சம் வெறும் அரசு நிலம் என்ற கணக்கில் இருக்கிறது; பதிவேட்டில் காலியாக இருப்பதைக் குத்தகைக்குக் கொடுப்பதற்கு என்ன தடை? வேலி வந்தால் மேய்ச்சல் போகும் என்பது வெளியூர்க்காரனுக்கும் புரிகிறது. அவர் அதிகம் பயந்தது வேறு விஷயத்துக்கு. சூரியத் தகடு பதிக்க நிலத்தைச் சமன்செய்தால் ஆகோர் அழியும், குளத்துக்கு நீர் வராது. “மாதாவின் குளத்துக்கு நீர் எந்த வழியாக வரும் என்று காகிதம் எழுதியவருக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரி அல்ல. எங்கள் மாவட்டத்திலேயே கமுதியில் 2016இல் 648 மெகாவாட் நிலையம் வந்தது. ராஜஸ்தானின் பாட்லா சூரிய மின்பூங்கா அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல், 2,245 மெகாவாட். நிலக்கரிப் புகையைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் எங்கே வைப்பது என்ற கேள்வியை வரைபடத்தில் பச்சை இல்லாத இடத்தைப் பார்த்து முடிவு செய்வது சோம்பேறித்தனம். சாமில் ஒலிபெருக்கி வைத்தவரும் அப்படித்தான் நினைத்தார், ஜீப்காரரும் அப்படித்தான் நினைத்தார்.

கம்பிகளில் சின்னச் சின்னத் தட்டுகள் தொங்கிச் சுழன்றன. பறவைக்கு எச்சரிக்கையாம். கானமயிலைப் பார்த்துவிடலாம் என்ற ஆசையில் 450 ரூபாய்க்கு இருநோக்கி வாடகைக்கு எடுத்துப் போயிருந்தேன். மூன்று மணி நேரத்தில் பார்த்தது ஒரு நரியும் பல ஆடுகளும். இங்கே அதற்குக் கோடாவண் என்று பெயர், மாநிலப் பறவை. உலகத்தில் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 150. பெரும்பகுதி ஜெய்சல்மேரைச் சுற்றித்தான். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருக்கும் கம்பி அதற்குச் சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் அந்தக் கனத்த உடம்பால் சட்டென்று திரும்ப முடியாது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. 2020இல் இந்த ஓரண் பக்கமே ஒன்று கம்பியில் மோதிச் செத்தது. கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்க உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டு, முழுப் பரப்பிலும் அது முடியாது என்ற வாதத்துக்குப் பின் 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தியது. சாமிலும் ராம்தேவ்ராவிலும் முட்டை பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கிறார்கள். வளர்ந்த குஞ்சுகள் பறக்கப்போவது எந்த வானத்தில் என்று யோசித்தேன்.

2024 டிசம்பரில், ஓரண்களைக் கணக்கெடுத்துக் காடாக அறிவிக்கவும் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தானுக்குச் சொன்னது. நல்ல செய்திதானே என்றேன். காகா சா தலையை ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா புரியவில்லை. “காடு என்று எழுதிவிட்டால் வேலிக்காரன் வரமாட்டான். வனத்துறைக்காரன் வந்து ஆட்டை வெளியே ஓட்டு என்றால்?” அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வரிதான்: பதிவேட்டில் ‘ஓரண்’ என்று எழுத வேண்டும், பழைய விதிகளோடு.

கிளம்பும்போது சாப்பாட்டுக்குப் பணம் நீட்டினேன், கோபித்துக்கொண்டார். ஓட்டுநருக்கும் ரொட்டி கொடுத்தார்கள். நான்கு சாப்பிட்டார், காத்திருப்புக் கட்டணத்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

செலவுக் கணக்கு என்றேனே. ரயில் நீங்கலாக நான்கு நாளுக்கு 14,600. அதில் கூடாரமும் ஜீப்பும் மட்டும் 7,700. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்குப் பஸ்ஸில் போகாதீர்கள், ஜன்னல் மூடவில்லை, ஆறு மணி நேரம் மணல் தின்றேன்; இரவு ரயில் இருக்கிறது. கோடையில் போகவே வேண்டாம். மற்றதை மறந்துவிட்டேன்.

கடைசி நாள் சந்தையில் சாங்கிரி கிலோ 1,200 சொன்னான். பேரம் பேசிக் கால் கிலோவை 260க்கு வாங்கிவந்து அம்மாவிடம் கொடுத்தேன். ஊறவைக்கும்போது ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வன்னிக் காயையா காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறாய்? நம் பிள்ளையார் கோயில் மரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்த்து ஆடு தின்கிறதே!”

சித்திரையில் கோயில் மரத்தில் ஏறிப் பார்க்க வேண்டும்.