அப்பாவின் குடலை அடைத்த நார்க்கட்டி

அப்பாவுக்கு 1984இல் குடற்புண்ணுக்காக அறுவை சிகிச்சை நடந்தது. அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவது அக்கால வழக்கம். குடற்புண்ணுக்குக் காரணமான கிருமியை ஆஸ்திரேலிய மருத்துவர்களான மார்ஷலும் வாரனும் 1982இலேயே கண்டறிந்திருந்தார்கள். ஆனால் மாத்திரையாலேயே புண்ணை ஆற்றலாம் என்ற நிலை நம் ஊர்களுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அதன்பின் வயிற்றைப் பற்றிய பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

இந்தப் பொங்கல் முடிந்த சில நாட்களில் அப்பாவுக்கு வயிறு விட்டுவிட்டு முறுக்கியது. முதலில் பார்த்த இடத்தில் வாயுத்தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரவில் பச்சையாக வாந்தி எடுத்தார். வயிறு உப்பிக்கொண்டே போனது, காற்றும் பிரியவில்லை. இவை சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

பணியிலிருந்த இளம் மருத்துவர் அப்பாவின் சட்டையை விலக்கியதும் மேல்வயிற்றுத் தழும்பைப் பற்றித்தான் கேட்டார். பழைய சீட்டு எதுவும் எங்களிடம் இல்லை. “அல்சர் ஆபரேஷன், டாக்டரம்மா” என்று அம்மா சொன்னதுதான் எல்லாவற்றையும் திருப்பியது. பழைய அறுவையால் குடல் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மூக்கில் குழாய் விட்டு, டிரிப்ஸ் ஏற்றினார்கள். சி.டி. ஸ்கேனிலோ குடலுக்குள் காற்றுக் குமிழிகள் நிறைந்த ஒரு கட்டி தெரிந்தது.

“பொங்கலுக்கு என்ன சாப்பிட்டீர்கள், ஐயா?”

“பனங்கிழங்கு, டாக்டரம்மா.”

அப்பாவுக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை. வேகஸ் நரம்பை வெட்டிய இரைப்பையில் அமிலமும் குறைவு, அரைக்கும் வலுவும் குறைவு. மெல்லாமல் விழுங்கிய நார் அங்கேயே தங்கித் திரண்டு கட்டியாகிறது. பிறகு புது இணைப்பின் வழியாக நழுவி, சிறுகுடல் குறுகும் கடைசிப் பகுதியில் அடைத்துக்கொள்கிறது. ஆரஞ்சுச் சுளையின் தோலும் வெள்ளை நாரும்கூட இப்படிச் செய்யும் என்று மருத்துவர் விளக்கினார்.

அறுவை சிகிச்சையில் கட்டியை விரலால் நசுக்கிப் பெருங்குடலுக்குத் தள்ளப் பார்த்தார்கள், அது அசையவில்லை. குடலில் சிறு கீறல் போட்டு எடுத்தார்கள். இன்னொன்று ஒளிந்திருக்கலாம் என்பதால் இரைப்பை முதல் குடல் முழுவதையும் தடவிப் பார்த்தார்கள். நானாக இருந்தால் அப்படித் தேடிப் பார்க்கவே தோன்றியிருக்காது. அந்த அறுவை மருத்துவருக்கு ஆயுளுக்கும் நன்றி சொல்வேன்.

பிறகு காத்திருப்புதான். காற்றுப் பிரிந்ததா என்று செவிலியர் தினமும் கேட்பார். பிரிந்த அன்று அம்மா அழுதே விட்டார். முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி.

இப்போது பனங்கிழங்கை அறவே விட்டாயிற்று. முருங்கைக்காயின் சதையை வழித்துக் கொடுக்கிறோம். ஆரஞ்சு என்றால் வடிகட்டிய சாறு மட்டும். பல் மருத்துவரிடம் பல்செட்டுக்கு அளவு கொடுத்திருக்கிறோம். எந்த ஆண்டு என்ன அறுவை நடந்தது என்று எழுதிய சீட்டு அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. 1984இல் வீட்டுக்கு அனுப்பியபோது நாரைப் பற்றி அவரிடம் யாருமே சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் தெருவில் அதே தழும்போடு இருக்கும் பெரியவர்களைத் தேடிப்போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.