காலி நாற்காலியின் முத்திரை

ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவனிடம் "மாங்கா படி, மொழி தானா வரும்" என்று யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். மாங்கா என்றால் ஜப்பானியப் படக்கதை. எனக்கும் சொன்னார்கள். ஷோனென் ஜம்ப் என்ற வார இதழின் கதைகளில், காஞ்சி என்கிற சீன வழி எழுத்துக்குப் பக்கத்திலேயே உச்சரிப்பைப் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பள்ளிப் பையன்களுக்காகச் செய்த ஏற்பாடுதான், ஆனால் என்னைப் போன்ற அரைகுறைகளும் அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். நான் டோக்கியோ போன 2016இல்தான் அந்த இதழில் ப்ளீச் என்ற தொடர் முடிந்தது. 2001இல் குபோ டைட்டோ தொடங்கியது, 15 வருடம் ஓடி 74 தொகுதிகளில் வந்து நின்றது. ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பழைய புத்தகக் கடை. அங்கே வரிசையாக அடுக்கியிருந்ததைச் சில நூறு யென்னுக்கு அள்ளிக்கொண்டு வந்தேன். ஆபீஸில் பேச உதவுகிற ஜப்பானிய மொழி அதில் அவ்வளவாக இல்லை. எதிராளியை வெட்டுவதற்கு முன் பெயரும் பதவியும் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது எப்படி என்று மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அதில் வரும் சோல் சொசைட்டி பகுதி வேறு ரகம். வாளும் ஆவியும் கிடக்கட்டும், நான் படித்ததிலேயே சிறந்த ஆபீஸ் கதை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ருக்கியா ஒரு ஷினிகாமி, நம்மூர்க் கணக்கில் யமதூதர் வகை. இச்சிகோ என்ற பள்ளி மாணவனுக்குத் தன் சக்தியைக் கொடுத்துவிடுகிறாள். மனிதனுக்குச் சக்தியைக் கொடுப்பது குற்றம். பிடித்துக்கொண்டுபோய் மரண தண்டனை விதிக்கிறார்கள். இழுத்துப்போக வந்த இரண்டு பேரில் ஒருவர் அவளைத் தத்தெடுத்த அண்ணன் பியாகுயா, ஆறாம் படையின் தலைவர். இன்னொருவன் ரென்ஜி, சின்ன வயதில் அவளோடு தெருவில் ஒன்றாக வளர்ந்தவன், இப்போது அதே படையில் உதவித் தலைவன். இச்சிகோ நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சோல் சொசைட்டி என்ற மறுவுலகத்துக்குள் புகுந்து அவளை மீட்கப் போகிறான். கதை இவ்வளவுதான்.

அந்த மறுவுலகம் ஓர் ஆபீஸ். பதின்மூன்று படைகள், ஒவ்வொன்றுக்கும் தலைவர், உதவித் தலைவர், அதன் கீழே மூன்றாம் இருக்கை, நான்காம் இருக்கை என்று எண் போட்ட பதவிகள். எல்லோருக்கும் மேலே தரைக்கடியில் ஒரு மண்டபம். அங்கே 40 அறிஞர்களும் 6 நீதிபதிகளும் கொண்ட நாற்பத்தாறு பேர் சபை. அவர்கள் சொன்னால் சொன்னதுதான். யாரும் போய்ப் பார்ப்பதில்லை, பேசுவதுமில்லை. உத்தரவு மட்டும் வெளியே வரும்.

அந்த உத்தரவுகள் விசித்திரமாக இருக்கின்றன. தண்டனைக்குக் கொடுத்த 35 நாள் அவகாசம் 25 ஆகிறது. கொஞ்ச நாளில் அதுவும் போய், நாளைக்கே என்கிறார்கள். படைத் தலைவர் அந்தஸ்தில் இருப்பவர்களுக்கு மட்டும் எடுக்கும் சொக்யோகு என்ற பிரம்மாண்ட ஆயுதத்தை, சாதாரண அந்தஸ்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்காக எடுக்கிறார்கள். அவளுடைய நேரடி மேலதிகாரி உகிடாகேவுக்கே தண்டனை அதிகம் என்று படுகிறது. எல்லோருக்கும் நெருடுகிறது, ஆனால் ஒருத்தரும் மண்டபத்துக் கதவைத் தட்டிக் கேட்பதில்லை. பியாகுயாவுக்குச் சட்டம், ரென்ஜிக்குப் பதவி, எல்லாப் படைக்கும் தலைவரான கிழவர் யமமோட்டோவுக்கு மேலிடத்து உத்தரவு. அவரவருக்கு ஒரு காரணம்.

இதைப் படித்துக்கொண்டிருந்த சமயம் நான் ஒரு மோட்டார் உதிரிபாக நிறுவனத்தில் இருந்தேன். என் சம்பளம் வேறு நிறுவனத்திலிருந்து வரும், உட்கார்ந்து வேலை பார்ப்பது இங்கே. ஜப்பானில் ஐடி வேலை பல இடங்களில் இப்படித்தான். கிடங்குச் சரக்குக் கணக்கின் பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டும் வேலை. 2018 மே மாதத் தொடக்கத்து கோல்டன் வீக் விடுமுறையில் மாற்றுவது என்று முடிவாகியிருந்தது. கிடங்கு முழுக்க மூடியிருக்கும், சரக்கு நகராது, எது தவறினாலும் நாலைந்து நாள் கையில் இருக்கும். நல்ல திட்டம்.

டிசம்பரில் ஒரு ரிங்கிஷோ வந்தது. ரிங்கிஷோ என்றால் ஒப்புதல் சுற்றுக் கடிதம். கீழே ஒருவர் எழுதுவார், அது மேலே மேலே போகும், ஒவ்வொருவரும் பார்த்துத் தன் ஹன்கோவை, அதாவது சிவப்பு மையில் தோய்த்த முத்திரையைப் பதிப்பார். தாளின் மூலையில் கட்டம் போட்டிருக்கும். வலக்கோடியில் எழுதியவர், அடுத்து கச்சோ, அதாவது பிரிவுத் தலைவர், அதற்கடுத்து புச்சோ, அதாவது துறைத் தலைவர், இடக்கோடியில் இயக்குநர். அந்தத் தாளை முதன்முறை உற்றுப் பார்த்தபோது கச்சோவின் முத்திரை கோணலாக விழுந்திருந்தது. கை தவறிவிட்டது போல என்று நினைத்தேன். பக்கத்து இருக்கைக்காரர் சிரித்துவிட்டு விளக்கினார்: தன் முத்திரையை இடப்பக்கம் சாய்த்துப் பதித்தால் அது மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்துக் குனிந்து வணங்குகிற மாதிரி இருக்குமாம். எல்லாக் கம்பெனியிலும் இல்லை, வங்கிகளில் அதிகம் என்றார். எங்கள் கச்சோ முன்பு வங்கியில் இருந்தவர்.

அந்த ரிங்கிஷோவில் தேதி மே மாதத்திலிருந்து மார்ச் கடைசிக்கு வந்திருந்தது. மார்ச் 31தான் அங்கே நிதியாண்டின் கடைசி நாள். சரக்கை எண்ணிக் கணக்கு முடிக்கிற அந்த வாரத்தில் சரக்கு மென்பொருளை மாற்றுவதாவது! எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்து "ஸ்ஸ்ஸ்" என்றார்கள். அங்கே அதற்குமேல் யாரும் எதிர்ப்புக் காட்ட மாட்டார்கள். ஜனவரியில் இரண்டாவது தாள் வந்தது. மார்ச் வேண்டாம், பிப்ரவரி நடுவில் திங்களும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை வருகிறதே, அதில் முடித்துவிடலாம் என்றது. அத்தனை கட்டத்திலும் முத்திரை. கச்சோ இம்முறையும் பணிவாகச் சாய்ந்திருந்தார்.

சோதனை பாதிகூட முடியவில்லை. நாங்கள் இரவு கடைசி ரயிலைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தோம்.

ப்ளீச்சில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஹனதாரோ. நான்காம் படையில் ஏழாம் இருக்கை. அது வைத்தியம் பார்க்கிற படை, கூடவே ஊரின் பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்வதும் அதன் தலையில்தான். சண்டை போடும் பதினொன்றாம் படைக்காரர்களுக்கு இவர்கள் என்றால் இளக்காரம். ருக்கியாவை முதலில் அடைத்துவைத்த அறையைப் பெருக்கப் போனவன் இவன். போகும்போதெல்லாம் அவள் இவனிடம் இச்சிகோவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அதனால் பெரிய பெரிய தலைவர்களுக்குத் தெரியாதது இவனுக்குத் தெரியும். அவள் கெட்டவள் இல்லை என்று தெரியும், சாக்கடை வழியாக எந்தப் பக்கம் போனால் எங்கே வெளியே வரலாம் என்றும் தெரியும். இச்சிகோவை உள்ளே கூட்டிப்போவது அவன்தான். வாள் வீச்சுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகிற கதையில், துடைப்பம் பிடித்தவனுக்கு இப்படி ஓர் இடம் கொடுத்த குபோவை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

எங்கள் கட்டடத்தில் மாலையில் குப்பை எடுக்க ஓர் அம்மா வருவார். எழுபது வயது இருக்கும். என் ஜப்பானிய மொழியின் லட்சணம் தெரிந்து நிறுத்தி நிதானமாகப் பேசுவார். ஜனவரிக் கடைசியில் ஒருநாள், என் கூடையில் குவிந்திருந்த ரொட்டி உறைகளையும் காப்பி டப்பாக்களையும் பார்த்துவிட்டு, "உங்கள் மாடியில்தான் இவ்வளவு குப்பை. ஏழாம் மாடியில் ஜன்னலோரத்துப் பெரியவர் கூடையில் புது வருடத்திலிருந்து ஒரு காகிதம்கூட இல்லை. பாவம், உடம்பு எப்படி இருக்கிறதோ" என்றார்.

ஏழாம் மாடி ஜன்னலோரம் என்றால் எங்கள் புச்சோ. தாளில் இடமிருந்து இரண்டாவது கட்டம். இரண்டு ரிங்கிஷோவிலும் அவருடைய முத்திரை நேராக, அழுத்தமாக, கட்டத்தின் நடுவில் விழுந்திருந்தது.

நான்கூட உடனே கதைக்குள்தான் போனேன். பத்தாம் படைத் தலைவர் ஹிட்சுகாயாவும் அவருடைய உதவித் தலைவி மாட்சுமோட்டோவும் கடைசியில் தரைக்கடி மண்டபத்துக் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிற கட்டம். நாற்பத்தாறு பேரும் மேஜைகளிலேயே செத்துக் கிடக்கிறார்கள். ரத்தம் காய்ந்து கறுத்துப் போயிருக்கிறது. அதைப் பார்த்ததுமே ஹிட்சுகாயாவுக்கு விளங்கிவிடுகிறது, இது நேற்று இன்று நடந்த கொலை இல்லை. அப்படியானால் இத்தனை நாள் வந்த உத்தரவுகள் யாருடையவை?

கதையில் அதற்கு விடை ஐசென். மூக்குக் கண்ணாடியும் சாந்தமான பேச்சுமாக எல்லோருக்கும் பிடித்த ஐந்தாம் படைத் தலைவர். அவரே கொலையுண்டதாக ஊர் அழுததற்கு வெகு முன்பே, அவரும் கூட்டாளிகளும் சபையைக் கொன்றுபோட்டுவிட்டு, கண்கட்டு வித்தை காட்டும் தன் வாளால் சபை உயிரோடு கூடுவதாக எல்லோரையும் நம்பவைத்திருந்தார். இதில் என்னை அசரவைத்தது ஒன்று உண்டு. தான் செத்ததாக நாடகம் போடுவதற்கு முன்பு ரென்ஜியைத் தனியே கூப்பிட்டு, அவகாசம் குறைந்தது விசித்திரம், சொக்யோகு விசித்திரம், இதெல்லாம் யாரோ ஒருவரின் விருப்பப்படி நடப்பதாகத் தோன்றுகிறது என்று பட்டியல் போட்டுச் சொன்னவரே இந்த ஐசென்தான். குற்றவாளியே வந்து துப்புக் கொடுக்கிறான், கேட்டவன் அப்போதும் மேலே போய்க் கேட்கவில்லை. ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

எங்கள் விஷயத்தில் ஐசென் யாரும் இல்லை. அப்புறம் கச்சோ மெதுவாக விசாரித்ததில் வெளிவந்தது இவ்வளவுதான். புச்சோ டிசம்பரிலேயே மருத்துவ விடுப்பில் போய்விட்டார். ஒருவருடைய உடல்நிலையைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை என்பதால் ஏழாம் மாடிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. தாள்கள் தேங்கக் கூடாதே என்று, இழுப்பறையில் இருந்த அவருடைய ஹன்கோவை எடுத்து உதவியாளர் பதித்துவந்தார். பழைய சர்வரின் பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது, அதற்குள் மாற்றிவிட்டால் ஒரு வருடக் கட்டணம் மிச்சம் என்று திட்டப் பிரிவில் ஓர் இளைஞர் முதல் தாளை எழுதியிருக்கிறார். நிதியாண்டுக் கடைசியில் வேண்டவே வேண்டாம் என்று கணக்குப் பிரிவு சொன்னது. சரி, அப்படியானால் அதற்கு முன்பே என்று அவர் தேதியைப் பிப்ரவரிக்கு இழுத்தார். தப்பாக இருந்தால் புச்சோ நிறுத்திவிடுவார் என்று எங்கள் கச்சோ பதித்தார். புச்சோவே பதித்திருக்கிறாரே என்று இயக்குநர் பதித்தார். ஒவ்வொருவருக்கும் காரணம் இருந்தது, ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. புச்சோவின் கட்டத்தில் மட்டும் ஆள் இல்லை.

இந்த இடத்தில் குபோவோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. ஐசென் முகத்தை வெளியே காட்டுகிற அத்தியாயங்கள் பிரமாதம், மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி நொறுக்கித் தலைமுடியைப் பின்னால் தள்ளும் அந்தப் பக்கத்தை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அலுக்காது. ஆனால் அவர் வந்ததும் பழி முழுக்க அவர்மேல் போய்விடுகிறது. மற்றவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். அத்தனை தலைவர்கள் கேள்வி கேட்காமல் ஒரு பெண்ணைக் கொல்லத் தயாராக நின்றார்களே, அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உகிடாகேவும் இன்னொரு படைத் தலைவரான கியோராகுவும் கடைசி நிமிடத்தில் சொக்யோகுவை உடைக்கிறார்கள், அதோடு சரி. அடுத்து வரும் ஹுயேகோ முண்டோ பகுதியில் இன்னொரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், இன்னொரு மீட்புப் பயணம். எனக்கு அங்கே சுவாரஸ்யம் குறைந்துவிட்டது, ஏனென்றால் அங்கே ஆபீஸ் இல்லை.

எங்கள் கச்சோ என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு அவர் கதவை உடைப்பார் என்ற ஆசை இருந்தது. அவர் "சோ தெசுகா", அதாவது "அப்படியா", என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கணக்குப் பிரிவு, கிடங்கு, திட்டப் பிரிவு என்று ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினார். எங்கேயும் புச்சோவின் பெயரை எடுக்கவில்லை. சோதனை போதவில்லை, கிடங்கு ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்பதை மட்டும் பேசினார். அதை நெமவாஷி என்பார்கள், தாள் போவதற்கு முன் ஆளைப் பார்த்துப் பேசி வழி செய்துவைப்பது. பிப்ரவரி முதல் வாரத்தில் மூன்றாவது ரிங்கிஷோ வந்தது. கோல்டன் வீக்குக்கே தேதி திரும்பியது. முந்தைய இரண்டையும் யாரும் ரத்து செய்யவில்லை, கோப்பில் வரிசையாக இருந்தன. இந்த முறை புச்சோவின் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு, மேலே 'பதிலாக' என்று பொருள்படும் ஒற்றை எழுத்து, உதவியாளரின் சொந்த முத்திரை. அவ்வளவுதான் விளைவு. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. மே மாதத்தில் மென்பொருள் ஓடியது.

ப்ளீச்சிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். பின்னால் ஐசெனைப் பிடித்ததும் தீர்ப்புச் சொல்வது யார் தெரியுமா? அதே நாற்பத்தாறு பேர் சபை, புது ஆட்களோடு. முதலில் 18,800 வருடச் சிறை, எதிர்த்துப் பேசியதற்காக 20,000 வருடம். காலியான நாற்காலிகளில் ஆள் போட்டாயிற்று, மண்டபம் பழையபடி தரைக்கடியில். எங்கள் ஏழாம் மாடிக்கும் ஏப்ரல் இடமாற்றத்தில் வேறொரு புச்சோ வந்தார்.

2020இல் கொரோனா வந்து, ஊரடங்கு மாதிரியான காலத்திலும் ஒரு முத்திரை பதிப்பதற்காகவே ஆட்கள் ரயிலேறி ஆபீஸ் போவது செய்தியானது. நிர்வாகச் சீர்திருத்த அமைச்சர் கோனோ தாரோ அரசு அலுவலகங்களில் ஹன்கோவைக் குறைக்கச் சொல்லிப் பிடிவாதமாக நின்றார். தனியார் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக மின்னணு ஒப்புதலுக்கு மாறின, எங்களுடையதும்தான். இப்போது திரையில் கட்டம், சொடுக்கினால் சிவப்பு வட்டம் விழும். யார், எந்த நிமிடம் சொடுக்கினார் என்று பதிவாகும். அந்த வட்டத்தை எத்தனை டிகிரி வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளவும் வசதி வைத்திருக்கிறார்கள். பயிற்சி வகுப்பில் கச்சோ அதைத்தான் முதலில் தேடிக் கண்டுபிடித்தார்.