'பாதகமான' என்று பதினான்கு தடவை எழுதிய நோட்டு: என் ஜிஆர்இ வெர்பல் அனுபவம்

மேற்படிப்பில் சேர்வதற்காக எழுதும் ஜிஆர்இ தேர்வின் மதிப்பெண் நேற்று அதிகாரபூர்வமாக வந்துவிட்டது. வெர்பல், அதாவது ஆங்கிலப் பகுதி, 160. டிசம்பரில் எழுதியபோது 149. குவான்ட் (கணிதப் பகுதி) இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றுதான், அதை விட்டுவிடுகிறேன். இந்தப் பதினொரு மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்பதை மறப்பதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல் இருக்கிறது.

முதல் தடவை நான் படிக்காமல் போகவில்லை. தொள்ளாயிரம் சொற்கள், இருநூறு பக்க நோட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பொருள். மதிப்பெண் வந்த அன்று இரவு அந்த நோட்டைப் புரட்டினேன். 'பாதகமான' என்று மட்டும் பதினான்கு சொற்களுக்கு எழுதியிருந்தேன். அட்வெர்ஸ், ப்ளீக், கிரிம், டிஸ்மல், டையர், ஆமினஸ், இன்ஆஸ்பிஷஸ், இன்க்ளெமென்ட், அன்டுவார்ட் என்று எல்லாமே ஒரே குடத்துத் தண்ணீர். சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ் என்ற கேள்வி வகையில், கோடிட்ட இடத்தில் எதைப் போட்டாலும் வாக்கியம் ஒரே பொருள் தரும்படி ஆறு விடைகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒன்று தப்பினாலும் மதிப்பெண் கிடையாது. ஆறில் நான்கு 'பாதகமான' என்று தெரிந்தால் என்ன செய்வது? குத்துமதிப்பாகத் தட்டிவிட்டுத்தான் வந்தேன்.

நானே அமைத்த ஒரு கேள்வியைக் காட்டுகிறேன். "மூன்று ஆண்டுகள் மழை பொய்த்த பிறகு, நல்ல விதை கிடைத்தும்கூட, அந்த உழவர்களின் வருங்காலம் ____ ஆகவே தெரிந்தது." விடைகள்: ப்ளீக், இன்க்ளெமென்ட், அவெர்ஸ், கிரிம், ஸ்ட்ரெய்டண்ட், அன்டுவார்ட்.

மழை என்றதும் கை இன்க்ளெமென்ட்டுக்குப் போகும். அது வானிலைக்கான சொல், வருங்காலத்துக்கு ஒட்டாது. ஸ்ட்ரெய்டண்ட் பணமுடையைச் சொல்வது. 'ஸ்ட்ரெய்ட்' என்றால் குறுகலானது, பாக்கு நீரிணை என்கிறோமே அந்த 'நீரிணை'க்கும் இதே சொல்தான். நாம் 'பண நெருக்கடி' என்பதை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெய்டண்ட் சர்க்கம்ஸ்டன்ஸஸ்' என்பார்கள். அன்டுவார்ட் எதிர்பாராத அசம்பாவிதத்துக்கு, 'அன்டுவார்ட் இன்சிடன்ட்' என்று போலீஸ் செய்திகளில் தினமும் வரும். அவெர்ஸ் மனிதருக்கு உள்ள வெறுப்பு, தயக்கம். அட்வெர்ஸோடு குழப்பிக்கொள்ளாதவர் குறைவு: சூழ்நிலையும் விளைவும் அட்வெர்ஸ், ஆள் அவெர்ஸ். மிச்சம் ப்ளீக், கிரிம். இவை இரண்டும் வருங்காலத்தோடு இயல்பாகச் சேரும்.

அதாவது, பொருளை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். அந்தச் சொல் எந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் என்று பாருங்கள். திரும்பத் திரும்பச் சொல்வேன், எனக்கு மதிப்பெண் தந்தது இது ஒன்றுதான்.

இது எனக்குப் பிடிபட்டது காணும் பொங்கல் அன்று. வீட்டில் எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள், நான் மட்டும் அகராதியோடு சமையலறை மேஜையில் இருந்தேன். டிஸ்மல் என்ற சொல்லின் வேரைப் பார்த்தால், லத்தீனில் 'டீயெஸ் மாலி', கெட்ட நாட்கள். இடைக்கால ஐரோப்பிய நாட்காட்டிகளில் மாதத்துக்கு இரண்டு நாட்களை ஆகாத நாட்கள் என்று குறித்து வைத்திருந்தார்களாம். நிமிர்ந்தால் எதிரே அம்மாவின் தினசரி காலண்டர், தை 3, ஓரத்தில் சின்ன எழுத்தில் 'கரிநாள்'. அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக ஒட்டாத சொல் அன்றைக்கு ஒட்டியது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஆஸ்பிஷஸ் (மங்களகரமான) என்பதற்குள் லத்தீனில் பறவையும் பார்ப்பதும் இருக்கின்றன. ரோமானியர்கள் பறவை பறப்பதைப் பார்த்துக் காரியம் தொடங்கினார்கள். நம்மிடமும் புள் நிமித்தம் உண்டு, சங்கப் பாடல்களில் 'புள்' என்றாலே நிமித்தம் என்ற பொருளும் வரும். ஆகவே இன்ஆஸ்பிஷஸ் பெரும்பாலும் ஒரு தொடக்கத்தோடு வரும்: 'இன்ஆஸ்பிஷஸ் பிகினிங்'. ஆமினஸுக்குள் ஓமன், அதாவது சகுனம். கெட்டது இன்னும் நடக்கவில்லை, அறிகுறி மட்டும் தெரிகிறது. கருமேகம், மௌனம், தொலைபேசி மணி எல்லாம் ஆமினஸ் ஆகலாம்.

ஆனால் வேரை மட்டும் நம்பியும் ஏமாறக் கூடாது. டிஸ்மல் இன்றைக்கு நாள் நட்சத்திரத்தைச் சொல்வதில்லை. படுமோசமான ஆட்டம், தோல்வி, சோர்வூட்டும் வானிலை, இவற்றோடுதான் அதிகம் வரும். வேர் நினைவில் நிறுத்துவதற்கு, பெயர்ச்சொல் விடை எழுதுவதற்கு.

என் நோட்டின் புதிய பக்கம் இப்படி இருந்தது:

- இனி வரப்போகும் கேடு: ஆமினஸ், இன்ஆஸ்பிஷஸ், அன்புரொபிஷஸ், ப்ளீக்
- இப்போதே கழுத்தை நெரிப்பது: டையர், பார்லஸ், அட்வெர்ஸ், ஸ்ட்ரெய்டண்ட்
- பார்த்தவுடன் மனம் தளர்வது: டான்டிங், ஃபர்பிடிங், டிஸ்பிரிட்டிங்
- ஒன்றுக்குக் கேடு செய்வது: இனிமிக்கல் (பின்னால் 'டு' வரும்)

மூன்றாவது வரிசையைத் தனியாகப் படியுங்கள். டான்டிங் என்றால் வேலை பெரியது, செய்பவருக்கு மலைப்பு. நிலைமை கெட்டது என்று பொருளில்லை. 'டான்டிங்' வேலையை ஆசையோடு செய்யலாம், 'டையர்' நிலைமையை யாரும் விரும்பமாட்டார்கள்.

இன்னும் சில:

- 'ஹார்ட்லி', 'ஃபார் ஃப்ரம்', 'எனிதிங் பட்' வந்தால் வாக்கியம் தலைகீழ். விடைகளைப் பார்ப்பதற்கு முன் நல்லதா கெட்டதா என்று தாளில் ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி போடுங்கள்.
- வெர்பலின் முதல் பிரிவில் 18 நிமிடத்தில் 12 கேள்வி, இரண்டாவதில் 23 நிமிடத்தில் 15. முதல் பிரிவை எப்படிச் செய்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் இரண்டாவதன் கடினம். சொல் கேள்விகளை முதலில் முடித்துவிட்டு, நீளமான பத்திகளுக்கு அடையாளம் வைத்துவிட்டுப் பிறகு திரும்பினேன்.
- செயலிகளில் வரும் சொல் அட்டைகள் எனக்கு ஒத்துவரவில்லை. கையால் எழுதினால்தான் நிற்கிறது. கூட்டாகப் படிப்பதும் ஒத்துவரவில்லை, நான் தனியாகவே படித்தேன்.

மறுபடி எழுதப் போகிறவர்களுக்கு: இடையில் 21 நாள் கழிய வேண்டும், பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறை வரை எழுதலாம். 21 நாளிலேயே ஓடாதீர்கள். நான் எட்டு வாரம் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் புதுச் சொல் ஒன்றுகூடப் படிக்கவில்லை. பழைய நோட்டில் ஒரே பொருள் எழுதியிருந்த சொற்களையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். நீங்களும் அங்கிருந்து தொடங்குங்கள்.