ஜிபேட் ஆல்கலாய்டு கேள்விகள்: முதலில் நைட்ரஜனைத் தேடுங்கள்

ஜிபேட் (பார்மசி முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) ரிசல்ட் வந்தாச்சு, இனி ஜூனியர்கள் முறை. பெங்களூர் கோச்சிங் வகுப்புகளில் மார்ஃபின், குவினைனுக்குக் கொடுக்கும் நேரத்தில் கால்பங்குகூட ஷாமன் சடங்குச் செடிகளுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே இங்கே அவை மட்டும். ஆல்கலாய்டு என்றாலே நைட்ரஜன் உள்ள இயற்கைப் பொருள்.

செடி, நாடு, இனக்குழு என்று உருப்போடாதீர்கள். நைட்ரஜன் எங்கே இருக்கிறது, எந்த அமினோ அமிலத்திலிருந்து வந்தது? இந்த இரண்டு கேள்வியிலேயே பாதி ஆப்ஷன்கள் அடிபட்டுப்போகும்.

டிரிப்டோஃபான்: ஹார்மின், டிஎம்டி, இபோகெய்ன், சைலோசைபின், எர்ஜின்.
டைரோசின்: மெஸ்கலின். நைட்ரஜன் வளையத்துக்கு வெளியே, எனவே புரோட்டோ ஆல்கலாய்டு.
ஆர்னிதின்: ஹையோசயமின், ஸ்கோபோலமின்.
நைட்ரஜனே கிடையாது: சால்வினோரின் ஏ, காவாலாக்டோன், டிஹெச்சி (கஞ்சாவில் இருப்பது).

கடைசி வரியில்தான் மார்க் போகும். மெக்சிகோவின் மசடெக் மக்கள் சடங்கில் சைலோசைபி காளானும் உண்டு, சால்வியா டிவினோரம் இலையும் உண்டு. சால்வினோரின் வெறும் டைடெர்பீன்; வேலை செய்வது கப்பா ஓபியாய்டு ரிசெப்டாரில்.

அயவாஸ்காவை (அமேசான் பகுதிச் சடங்குப் பானம்) மெக்கானிசமாகவே படியுங்கள். சைக்கோட்ரியா விரிடிஸ் இலையின் டிஎம்டி வாய்வழி போனால் குடலிலும் கல்லீரலிலும் இருக்கும் எம்ஏஓ-ஏ (மோனோஅமின் ஆக்சிடேஸ்-ஏ) என்சைம் அதைச் சிதைத்துவிடும். பானிஸ்டீரியோப்சிஸ் காப்பி கொடியின் ஹார்மினும் ஹார்மலினும் அந்த என்சைமைத் தடுக்கின்றன. இந்தத் தடை மீளக்கூடியது. இலை எது, கொடி எது என்று மாற்றிப் போடுபவர்களே அதிகம். எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் செரட்டோனின் சிண்ட்ரோம் (உடலில் செரட்டோனின் அளவுமீறும் ஆபத்து நிலை) வருவதும் இதே காரணத்தால்தான்.

ஊமத்தை இந்தக் கூட்டத்தில் சேராது. அதன் ஹையோசயமினும் ஸ்கோபோலமினும் அசிட்டைல்கோலினின் மஸ்கரினிக் ரிசெப்டாரை அடைக்கின்றன: வறண்ட வாய், விரிந்த கண்மணி, பிதற்றல். முறிமருந்து பிசோஸ்டிக்மின். நைஜீரியாவின் காலபாரில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க விழுங்கவைத்த விதையிலிருந்து வந்தது. (காலி சைட்டில் முளைத்திருக்கிறதே என்று விதையை வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம்.) மிளகாய் விதையோடு ஒப்பிடும் கேள்விக்கு, குறுக்கே வெட்டிய வடிவம் போதும்: ஊமத்தையில் கரு வெளிப்பக்கம் வளைந்திருக்கும், மிளகாயில் உட்பக்கம், ஆறு என்ற எண்ணைப்போல.

ஊமத்தையின் இந்த ஆல்கலாய்டுகளைக் கண்டறியும் விட்டாலி-மோரின் சோதனை: புகையும் நைட்ரிக் அமிலம் விட்டு முழுக்க உலர்த்தி, அசிட்டோனில் கரைத்து, ஆல்கஹால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் ஊதா நிறம். சரியாக உலராவிட்டால் மிஞ்சிய அமிலம் காரத்தைத் தின்றுவிடும், நிறம் வராது. வந்தாலும் சீக்கிரம் மங்கும். பிராக்டிகலில் எக்ஸாமினரை முன்கூட்டியே கூப்பிட்டுவிடுங்கள்.

அவென்யூ ரோட்டில் பழைய புத்தகம் வாங்குபவர்கள் பெயர்களைச் சரிபார்க்கவும். எர்ஜின் தரும் ரிவியா கோரிம்போசாதான் பின்னாளில் டர்பினா கோரிம்போசா ஆனது. அன்ஹலோனியம் லெவினி என்பது மெஸ்கலின் தரும் கள்ளியான பெயோட்டி, அதாவது லோஃபோஃபோரா வில்லியம்சி.