பெரியாஸ்பத்திரிச் சுவரில் இருந்த குதிரை

இத்தாலியில் பலெர்மோ நகரத்துக்கு வந்த இரண்டாவது வருடம், எண்பது தாண்டிய ஒரு சினியோராவை, அதாவது ஒரு இத்தாலிய அம்மாவைப் பராமரிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. காலையில் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, சூப் பருக்கி, மருந்து கொடுக்க வேணும். இத்தாலிய மொழி அப்போது அரைகுறை. சந்தையில் விலை கேட்பேன், பஸ்ஸில் இடம் கேட்பேன், அவ்வளவுதான்.

சினியோரா அடிக்கடி ஒன்று சொல்லுவா: "சி ஏ ஸ்கொர்தாத்தா தி மே." என்னை மறந்துபோனாள் என்று அர்த்தம். மறந்துபோனவள் மிலானோவில் இருக்கிற மகள்தான் என்று நான் நினைத்துவிட்டேன். ஒருநாள் மனம் தாங்காமல் மகளுக்கு போன் எடுத்து, "அம்மா உங்களை நினைச்சு அழுறா, ஒருக்கா வாங்கோ" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவ மெதுவாக விளங்கப்படுத்தினா: அம்மா சொல்வது என்னை இல்லை, சாவை.

இந்த மொழியில் சாவு பெண்பால். 'லா மோர்தே.' எங்களுக்கு யமன் ஆண்; எருமையில் வருவான், கையில் பாசக்கயிறு இருக்கும். இங்கே வருபவள் ஒருத்தி, அவள் சினியோராவை மறந்துபோனாள்.

அன்று பின்னேரம் சினியோராவே சொன்னா: "அபத்தெல்லிஸ் மாளிகைக்குப் போ. அங்கே ஒரு பெரிய சுவரோவியம் இருக்கு. அதில் இடதுபக்கம் நிக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி." 1954இல் அந்த மாளிகையை மியூசியமாகத் திறந்தபோது கணவரோடு போய்ப் பார்த்தவவாம்.

மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்பதால் அன்று போனேன். மற்ற ஞாயிறுகளில் எங்கட சனம் பலரும் போவது மொந்தே பெல்லெக்ரினோ மலைக்கு. அங்கே குகைக்குள் சாந்தா ரொசாலியா என்ற புனிதை இருக்கிறா. 1624இல் இந்த நகரம் கொள்ளைநோயில் செத்துக்கொண்டிருந்தபோது அவவின் எலும்புகளை அந்த மலையில் கண்டெடுத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள், நோய் விலகியது என்பது ஊரின் நம்பிக்கை. சைவக்காரர், வேதக்காரர் என்ற பேதம் எங்களுக்கு அந்த மலையில் இல்லை. நானும் நேர்த்தி வைத்து ஏறியிருக்கிறேன்.

மாளிகையின் கீழ்த்தளத்தில், முன்பு தேவாலயமாக இருந்த மண்டபத்தில் அந்த ஓவியம் ஒரு சுவர் முழுக்க நிற்கிறது. உயரமும் அகலமும் ஏறத்தாழ 6 மீட்டர். நடுவில் எலும்புக் குதிரை. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதன் மேலே எலும்புக்கூடாக லா மோர்தே, கையில் வில். அம்புகள் போய்த் தைத்திருப்பது யாரில் என்று பார்த்தால், கீழே பாப்பரசர், ஆயர், அரசர் எல்லாரும் குவிந்து கிடக்கிறார்கள். வலப்பக்கம் பட்டு உடுத்த இளையவர்கள். ஒரு பெடியனின் கழுத்தில் அப்போதுதான் அம்பு ஏறியிருக்கிறது. அதற்குச் சற்று மேலே நீரூற்று, இன்னும் இசை கேட்டபடி நிற்பவர்கள்.

இடதுபக்கம்தான் சினியோராவின் கூட்டம். நோயாளிகள், ஊன்றுகோல்காரர், கந்தல் உடுத்தவர்கள். கை குவித்துக் கெஞ்சுகிறார்கள், எங்களை எடு என்று. குதிரை அவர்களைக் கடந்து போய்விட்டது. அவர்களில் ஒருவர் மேலும் அம்பு இல்லை.

எனக்கு அந்த இடத்தில் கால் அசையவில்லை. வன்னியில் என் அம்மம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, "அந்தக் காலனுக்குக் கண் பொட்டையோ, என்னைத் தெரியேல்லையோ" என்று கேட்ட குரல் காதுக்குள் வந்தது. அதே நாட்களில் செல்லடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள்.

இந்த ஓவியம் முதலில் இருந்த இடம் மியூசியம் இல்லை. 1330இல் கட்டிய ஸ்க்லாஃபானி மாளிகை 15ஆம் நூற்றாண்டில் ஆஸ்பத்திரியானது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஓஸ்பெதாலே கிராந்தே எ நுவோவோ'. பெரிய, புதிய ஆஸ்பத்திரி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்வதுபோலவே. அதன் முற்றத்துச் சுவரில் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெயர் தெரியாத ஒருவர் இதைத் தீட்டினார். இரண்டாம் உலகப் போரில் ஸ்க்லாஃபானி மாளிகை குண்டுவீச்சுக்கு ஆளான பின், 1944இல் நான்கு துண்டாகச் சுவரிலிருந்து கழற்றினார்கள். அந்த வெட்டுக் கோடுகள் இன்றைக்கும் சிலுவைபோலக் குறுக்கே தெரிகின்றன.

நோயாளிகளைத் தூக்கிவரும் முற்றத்தில் சாவின் படத்தையா வரைவது என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது அப்படி நினைக்கவில்லை. அங்கே வந்து படுத்தவர்கள் ஏழைகள். பாப்பரசருக்கும் பிரபுவுக்கும் அம்பு, உங்களைத் தாண்டிப் போகிறாள் என்று அந்தச் சுவர் அவர்களுக்குச் சொல்லியிருக்கும். அது ஆறுதலா, இன்னொரு வேதனையா என்பது கிடந்தவரின் நோவைப் பொறுத்தது. கெஞ்சும் கூட்டத்துக்குள் ஒருவர் கையில் தூரிகையோடு நேரே எங்களைப் பார்க்கிறார். அவர்தான் ஓவியர் என்கிறார்கள். அவர் தன்னை ஏழைகளின் பக்கம் நிறுத்திக்கொண்டார். அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

திங்கட்கிழமை சூப் பருக்கும்போது சினியோரா கேட்டா, "கண்டியா என்னை?"

"எல்லா முகத்தையும் பார்த்தன். நீங்க அதில இல்லை" என்றேன்.

கரண்டியைத் தள்ளாமல் வாயைத் திறந்தா.

உயிர்த்த ஞாயிறு கழிந்த பின் மகள் வந்தா. மூன்று பேருமாகப் போனோம். சக்கர நாற்காலியை இடதுபக்கக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தினேன். சினியோரா வெகுநேரம் பார்த்தா. பிறகு என் கையைத் தட்டி, "ஃபீல்யா மியா, என்ர மகளே, போதும். அந்த ஊற்றுப் பக்கம் திருப்பு" என்றா.